சம்புநாத் டேயின் கட்டுரைகளும் நம் தேர்வுக் குழுக்களும்

நுண்ணுயிரியல் துறையின் நேர்காணல்களில் நிபுணராக அமரும்போதெல்லாம், விண்ணப்பக் கோப்புகளில் முதலில் கண்ணில் படுவன எண்களே: மொத்தக் கட்டுரைகள் எத்தனை, ஸ்கோபஸ் என்னும் ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெற்றவை எத்தனை, கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு. எண்களுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த கோப்பைப் புரட்டும் பழக்கத்தால் எப்படிப்பட்ட ஆய்வாளரை நாம் தவறவிடக்கூடும் என்பதை உணர்த்த, கொல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த சம்புநாத் டேயின் ஆய்வு வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

காலராக் கிருமியை 1884-இல் கொல்கத்தாவில் ஆராய்ந்த ராபர்ட் கோக், அது ஒரு நச்சைச் சுரக்கக்கூடும் என்று கருதினார். ஆயினும் பல பத்தாண்டுகள் கடந்தும் அந்த நச்சை யாராலும் மெய்ப்பிக்க முடியவில்லை. நச்சு இரத்தத்தில் கலந்தே உடலைத் தாக்குகிறது என்ற எண்ணத்தில் கிருமியை விலங்குகளின் இரத்தக் குழாயிலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்ததே அதற்கு முக்கியக் காரணம். டே குடலுக்குள்ளேயே தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை, இரத்த ஓட்டம் தடைபடாதவாறு, இரு முனைகளிலும் நூலால் கட்டி, அதற்குள் கிருமி வளர்ப்பை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்து மூடினார். மறுநாள் திறந்து பார்த்தபோது அந்தப் பகுதி நீர் கோத்து உப்பியிருந்தது. இம்முறையை அவரும் சக ஆய்வாளர் சட்டர்ஜியும் 1953-இல் வெளியிட்டனர். 1956-இல் இதே முறையால், வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ. கோலை என்ற குடல் கிருமிகளையும் டே குழுவினர் சோதித்தனர். 1959-இல், கிருமிகளை முற்றிலும் நீக்கிய வளர்ப்புத் திரவம் தனியாகவே குடலில் நீர் கோக்கச் செய்யும், அதாவது கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது என்று 'நேச்சர்' இதழில் அவர் நிறுவினார். ஒரே ஆசிரியர் எழுதிய அக்கட்டுரை இரண்டு பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அதே ஆண்டில் மும்பை ஹாஃப்கின் நிறுவனத்தின் என். கே. தத்தா குழுவினரும் முயல்குட்டிகளைக் கொண்டு இதையொத்த முடிவுக்கு வந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த 2 பக்கங்கள் வெளிவந்த காலத்தில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிங்கெல்ஸ்டைனும் லோஸ்பல்லூட்டோவும் அந்த நச்சைத் தூய நிலையில் பிரித்தெடுத்தது 1969-இல்தான். ஆய்விதழ்களின் தரத்துக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் தாக்கக் காரணியோ முந்தைய இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களைக் கொண்டு கணக்கிடப்படுவது. இவ்வளவு மெதுவாகப் பரவிய ஒரு தாக்கம் அந்தக் கணக்கில் எவ்வாறு சிக்கும்? மேற்கோள் கணக்கீட்டையே ஒரு துறையாக வளர்த்த யூஜீன் கார்ஃபீல்டு, டேயின் ஆய்வு காலரா ஆராய்ச்சியில் ஏற்படுத்திய தாக்கத்தை 1986-இல் விரிவாக எழுதினார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் டேயின் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்திருந்தார். 1978-இல் காலரா குறித்து நடந்த நோபல் கருத்தரங்குக்கும் டே அழைக்கப்பட்டார். ஆனால் 1985-இல் அவர் மறையும்வரை நம் நாட்டின் எந்த அறிவியல் அகாதமியும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்றும் வேதனையாகவே இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு மூலிகையின் இலைச்சாற்றை எடுத்து, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் அச்சாறு இட்ட வட்டுகளை வைத்து, அவற்றைச் சுற்றிக் கிருமி வளராத தடுப்பு வளையத்தை மில்லிமீட்டரில் அளந்து, கிருமியின் பெயரையும் செடியின் பெயரையும் மாற்றி மாற்றி எழுதிய கட்டுரைகளால் நிறைந்த பட்டியல்களை ஏராளமாகக் காண்கிறேன். கிருமியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த அளவு, அதாவது குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு, கண்டறியப்பட்டிருக்காது. சாற்றைக் கரைக்கப் பயன்படுத்திய எத்தனாலை மட்டும் இட்ட வட்டுகூடச் சில கட்டுரைகளில் இருக்காது. அது இல்லையென்றால் கிருமியைத் தடுத்தது இலையா, எத்தனாலா என்று எப்படிச் சொல்வது? இவற்றை எழுதும் மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணிக்கை கேட்கும் அமைப்புக்கு அவர்கள் எண்ணிக்கையைத் தருகிறார்கள்.

ஆகவே நான் அமரும் குழுக்களில், விண்ணப்பதாரர் தாமே தேர்ந்தெடுத்த மூன்று கட்டுரைகளின் முழுப் படிகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். நேர்காணலில் அவற்றுள் ஒன்றின் ஒரு படத்தை முன்வைத்து, இந்தச் சோதனையில் உங்கள் கையால் செய்தது எது, ஒப்பிடுவதற்காக வைத்த கண்ட்ரோல் எது, இந்த முடிவு தவறாக இருந்தால் அதை எந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும், உங்கள் முறையை வேறு ஆய்வகம் எதுவும் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறதா என்று கேட்கிறேன். நீளமான பட்டியல் வைத்திருப்பவர் இங்கே தடுமாறுவதும், நான்கைந்து கட்டுரைகளே உள்ளவர் தாளை வாங்கிப் படம் வரைந்து விளக்கத் தொடங்குவதும் உண்டு.