மரத்தைக் கயிறு கட்டி இறக்கும்போது அடி யாருக்கு விழுகிறது?

"கயிறு கட்டித்தானே இறக்குவீங்க? அப்ப பயமில்லை." மரத்தை எடுக்கச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் பலர் இந்த இரண்டு வாக்கியத்தோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கயிறு கட்டினால் ஆபத்து போய்விடுவதில்லை, இடம் மாறுகிறது. கட்டாமல் விட்டிருந்தால் கூரையில் விழுந்திருக்கும் அடி, கட்டிய பிறகு மரத்தின் மீதே விழுகிறது. அந்த மரத்தில்தான் நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

சாய்த்துத் தள்ள இடமில்லாத மரத்தை மேலிருந்து துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். வெட்டப்போகும் துண்டில் கயிற்றைக் கட்டுவோம். அந்தக் கயிறு, மரத்தில் ஸ்லிங் என்கிற கட்டுக்கயிறு போட்டுத் தொங்கவிட்ட கப்பி வழியாகக் கீழே போகும். அடிமரத்தில் பொல்லார்டு என்கிற உலோக உருளையைக் கட்டி, அதில் கயிற்றைச் சில சுற்றுகள் சுற்றி, ஒருவர் பிடித்திருப்பார். நான் வெட்டுவேன், அவர் விட்டு விட்டு இறக்குவார். எனக்கு வேறு கயிறு. ஏறும் கயிறும் இறக்கும் கயிறும் எந்தக் காலத்திலும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஏறும் கயிற்றில், ஆஸ்திரிய மலையேறி கார்ல் ப்ரூசிக் 1931இல் வெளியிட்ட சுருக்கோ அதன் வழிவந்த வேறொன்றோ என்னைப் பிடித்திருக்கும். ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டால் லேன்யார்டு என்கிற குட்டையான இடுப்புக் கயிறும் மரத்தைச் சுற்றியிருக்க வேண்டும். இரண்டு பிடிமானம் இல்லாமல் ரம்பத்தை ஓட்டக் கூடாது.

கிளைகளைக் கழிக்கும் வரை வேலை பெரும்பாலும் இதமானது. கப்பி மேலே இருக்கும், கிளை கீழே இருக்கும். கயிற்றை முன்னாலேயே இறுக்கி வைத்துவிட்டால் வெட்டியதும் கிளை விழாது, தொங்கும். அடிப்பக்கம் கட்டினால் நுனி முதலில் சாயும். நுனிப்பக்கம் கட்டினால் அடி முதலில் இறங்கும். கீழே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். தொங்கும் கிளை ஊசல் மாதிரி என் பக்கம் வந்து மோதாமல் இருக்க, பக்கவாட்டில் இழுக்க இன்னொரு மெல்லிய கயிறு போதும்.

உச்சியை எடுக்கும்போதுதான் கணக்கு தலைகீழாகிறது. அதற்கு மேலே கப்பி கட்ட மரமே இல்லை. வெட்டுவாய்க்குக் கீழே, என் நெஞ்சுக்கு நேரே கப்பியைக் கட்டி, அதற்கு மேலே இருக்கும் துண்டை வெட்ட வேண்டும். துண்டு முதலில் சாய்ந்து, கப்பியைத் தாண்டி விழுந்து, அப்புறம்தான் கயிறு அதைப் பிடிக்கும். எவ்வளவு தூரம் விழும்? துண்டின் எடைமையம் கப்பிக்கு எவ்வளவு மேலே இருந்ததோ அதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. துண்டின் நடு கப்பிக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால் இரண்டு மீட்டர் வீழ்ச்சி.

100 கிலோ துண்டு 2 மீட்டர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே இருப்பவர் பயந்துபோய் இறுகப் பிடித்து அரை மீட்டருக்குள் நிறுத்திவிட்டால், கயிற்றில் சராசரியாக 500 கிலோ இழுவை வரும். உச்சகட்ட இழுவை அதற்கும் மேல். கப்பியின் நிலை இன்னும் மோசம். கயிறு ஒரு பக்கம் துண்டை நோக்கியும் மறுபக்கம் பொல்லார்டை நோக்கியும் கீழ்நோக்கியே இழுப்பதால், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கப்பியைக் கட்டிய இடத்தில் விழும். 100 கிலோ கட்டை, ஒரு டன் உலுக்கு. அதே துண்டை அவர் கயிற்றை ஓடவிட்டு, 2 மீட்டர் தூரத்தில் நிதானமாக நிறுத்தினால் சராசரி இழுவை 200 கிலோதான். மரம், கயிறு, கட்டை எதுவும் மாறவில்லை. மாறியது அவருடைய கை மட்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாள், கீழே நின்ற நண்பர் புதியவர். 'எதற்கும் இருக்கட்டும்' என்று பொல்லார்டில் ஒரு சுற்றைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். கயிறு ஓடவே இல்லை. துண்டு தடால் என்று நின்றது, மரம் என்னை முன்னும் பின்னும் வீசியது. காலில் கட்டியிருந்த முள்கள் இரண்டும் மரத்திலிருந்து கழன்று, முகம் பட்டையில் தேய்ந்து, லேன்யார்டில் தொங்கினேன். எலும்பு எதுவும் முறியவில்லை. கீழே இறங்கி அவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன். சுற்றுகளை எண்ணிப் பார்க்காமல் "வெட்டலாமா?" என்று கேட்டது நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த ஒரு சுற்று ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? உருளையில் சுற்றிய கயிற்றின் உராய்வு கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. கணித அறிஞர் ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கணக்குப் போட்டுவிட்டார். கப்பலை ஒரு கம்பத்தில் சுற்றிய கயிற்றால் நிறுத்தும் மாலுமிகளுக்கு அதற்கும் முன்பே கைப்பழக்கமாகத் தெரியும். உராய்வுக் குணகம் 0.25 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்று கையின் பிடியை ஏறத்தாழ 5 மடங்காக்கும். இரண்டு சுற்று 20 மடங்குக்கும் மேல். ஒரு சுற்று குறைந்தால் கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடும், ஒரு சுற்று கூடினால் மரம் உலுங்கும். எத்தனை சுற்று என்பது துண்டுக்குத் துண்டு மாறும். ஆகவே, சின்னத் துண்டு ஒன்றை முதலில் இறக்கிப் பார்த்து, அந்தக் கயிறும் அந்த உருளையும் அன்றைக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்று கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். மழையில் நனைந்த கயிறு நேற்றைய கயிறு அல்ல.

கிளை பிரியும் கவையில் கயிற்றைப் போட்டு இறக்குகிறார்களே, கப்பி எதற்கு என்று கேட்பார்கள். ஒரு சின்னக் கிளைக்கு அது போதும், நானும் செய்வேன். ஆனால் கவையின் உராய்வு ஒவ்வொரு முறையும் வேறு. பட்டை வழுக்கினால் குறையும், உரிந்தால் மாறும், கயிறு சூடேறி மேல்பாகம் கண்ணாடி மாதிரி இறுகும். உராய்வு கீழே, பிடிப்பவரின் கண்ணெதிரே, அவர் கட்டுப்பாட்டில் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

கயிற்றைப் பிடிப்பவர் துண்டுக்கு நேர்கீழே நிற்கக் கூடாது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். ஓடும் கயிறு கணுக்காலில் மாட்டினால் ஆளையே பொல்லார்டுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

எடையைக் கண்ணால் மதிப்பிடுவதிலும் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பச்சை மரம் ஒரு கன மீட்டருக்கு ஒரு டன் என்று தோராயமாக வைத்துக்கொண்டால் தப்பு அதிகம் வராது. அந்தக் கணக்கில் 30 சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள கட்டை சுமார் 70 கிலோ. 40 சென்டிமீட்டர் என்றால் 125. 50 என்றால் 200ஐத் தொடும். விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு. நீளத்திலோ நமக்குச் சாதகமான ஒரு ரகசியம் இருக்கிறது. இரண்டு மீட்டராக எடுக்க நினைத்த துண்டை ஒரு மீட்டராக எடுத்தால் எடை பாதியாகிறது, எடைமையம் கீழே வருவதால் விழும் தூரமும் ஏறத்தாழ பாதியாகிறது. கயிறு தின்ன வேண்டிய ஆற்றல் கால்பங்கு. நேரமாகிவிட்டது, இன்னும் நாலே துண்டில் முடித்துவிடலாம் என்று யாராவது சொல்லும் மாலைகளில் இந்தக் கணக்கை மனதுக்குள் ஓட்டிக்கொள்வேன்.

கயிற்றைப் பற்றிச் சுருக்கமாக. இறக்குவதற்கு இரட்டைப் பின்னல் பாலியெஸ்டர் கயிறு நல்லது. மலிவான பாலிப்ரொப்பிலீன் கயிறு வெயிலில் நைந்துபோகும், 165 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். பாலியெஸ்டர் உருக 250ஐத் தாண்ட வேண்டும். பொல்லார்டில் கயிறு ஓடும்போது உண்டாகும் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். அறுபடும் வலிமை 5,000 கிலோ என்று அட்டையில் போட்டிருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு, 500 கிலோதான் வேலைக்கு என்று நான் வைத்துக்கொள்வது இதனால்தான். மேலே சொன்ன 100 கிலோ கட்டையை இறுகப் பிடித்து நிறுத்தினால் அந்த வரம்பு ஒரே துண்டில் தீர்ந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

முடிச்சு நூறு தெரிய வேண்டியதில்லை. துண்டைக் கட்ட, இழுத்தால் இறுகும் ரன்னிங் பௌலைன் முடிச்சு ஒன்று, அதற்கும் கப்பிக்கும் நடுவில் கட்டையைச் சுற்றி ஒரு அரைச்சுருக்கு. அந்த அரைச்சுருக்கைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடுவார்கள். கிளையில்லாத மொழுக்கட்டையில் அது இல்லாவிட்டால் கட்டை உருவிக்கொண்டு போகும்.

ஏறுவதற்கு முன் மரத்தையே சோதிக்க வேண்டும். அடியில் காளான் அடுக்கு, வேர்ப்பக்கம் மண் வெடிப்பு, சுத்தியால் தட்டினால் பொள்ளல் சத்தம், கவையில் உள்மடிந்த பட்டை, பழைய இடி விழுந்த கோடு. ஒரு டன் உலுக்கலை இந்தத் தண்டு தாங்குமா என்பதுதான் கேள்வி. ஏறும் என் எடையைத் தாங்கினால் போதாது. பட்டுப்போன மரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. அதற்குக் கிரேனோ, தொட்டி வைத்த தூக்கு வண்டியோ வர வேண்டும், அல்லது பக்கத்து நல்ல மரத்தில் கப்பி கட்ட வேண்டும். "போன வருஷம் ஒருத்தர் ஏறினாரே" என்பார்கள். ஏறியிருப்பார். மரம் அதற்கப்புறம் ஒரு வருஷம் மட்கியிருக்கிறது.

உட்கார்ந்த கிளையை வெட்டினவன் கதை எல்லாருக்கும் தெரியும். மரத்தின் மேல் உண்மையில் நடப்பது வேறு: சொந்த லேன்யார்டை வெட்டிக்கொள்வது. மரத்துக்குப் பின்னால் சுற்றிவரும் லேன்யார்டு கண்ணுக்குத் தெரியாது, ரம்பத்தின் நுனி அங்கேதான் வெளியே வரும். உள்ளே இரும்புக் கம்பி வைத்த லேன்யார்டு கொஞ்சம் நேரம் தரும், அவ்வளவுதான். வெட்டுவாயிலிருந்து அதை நன்றாகக் கீழே இறக்கி, ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தை முடுக்குவேன். உச்சியை எடுக்கும்போது முன்பக்க வெட்டுவாயை அகலமாகத் திறந்து வைப்பதும் பழக்கம். பின்னால் விட்டுவைக்கும் நார், கதவின் கீல் மாதிரி உச்சியை நெடுநேரம் பிடித்து மெதுவாகச் சாய்க்கும். வெட்டுவாய் குறுகலாக இருந்தால் அது சீக்கிரம் மூடிக்கொண்டு, உச்சி தண்டைப் பின்னால் தள்ளிவிட்டுப் போகும்.

பாதி மரம் இறங்கியதும் எல்லாருக்கும் நிம்மதி வரும். உயரம் குறைந்துவிட்டது, தண்டும் தடிமனாக இருக்கிறது. எனக்கு அங்கேதான் கவனம் கூடுகிறது. கப்பிக்கும் பொல்லார்டுக்கும் நடுவில் இருபது மீட்டர் கயிறு இருந்தவரை, அந்த நீளமே கொஞ்சம் நீண்டு கொடுத்து உலுக்கலை வாங்கிக்கொண்டது. இப்போது ஐந்து மீட்டர்தான், நீண்டு கொடுக்க எதுவுமில்லை. கட்டைகளோ மேலே இருந்ததைவிடப் பல மடங்கு கனம். கயிற்றை ஓடவிட உயரமும் இல்லை. காலையில் எந்தக் கவலையும் இல்லாமல் வேலை செய்த அதே கயிறு சாயங்காலம் அறுபடுவதற்கு இது ஒரு காரணம். இந்தக் கட்டத்தில் கொஞ்சம் திறந்தவெளி இருந்தால், நான் இறக்கும் கயிற்றையே கழற்றிவிடுவேன். சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, டயரோ கிளைக்குவியலோ பரப்பி, மேலிருந்து தள்ளிவிடுவேன். 'கயிறு கட்டாமல் போடுகிறாரே' என்று வேடிக்கை பார்ப்பவர்கள் முணுமுணுப்பார்கள். தரைக்கு விழும் கட்டை என் மரத்தை உலுக்குவதில்லை.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு, துண்டித்ததை உறுதிசெய்துகொண்டுதான் வேலை. ஈரக் கயிறும் பச்சைக் கிளையும் மின்சாரம் கடத்தும். விழும் வட்டத்துக்குள் யாரும் வரக் கூடாது, தேநீர் கொண்டுவருகிறவரும்கூட. மேலும் கீழும் சொல்லிக்கொள்ள ஒரே மாதிரியான சொற்கள் வேண்டும்: நான் "வெட்டறேன்" என்றால் அவர் "சரி" என்று திருப்பிச் சொல்லும் வரை ரம்பம் நகராது. ரம்பத்தின் சத்தத்தில் தலையாட்டலை நம்பக் கூடாது.

இன்னொன்று. மேலே இருப்பவருக்கு அடிபட்டால் யார் ஏறுவார்கள்? ஹார்னஸில், அதாவது உடம்பில் மாட்டிய வார்க்கட்டில், அசைவில்லாமல் தொங்குகிறவருக்கு இரத்தம் கால்களில் தேங்கும், நிமிடங்கள்தான் அவகாசம். மீட்பு வண்டி வந்து சேரும் வரை காத்திருக்க முடியாது, வந்தாலும் அவர்களிடம் மரமேறும் கருவிகள் இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் குழுவில் கீழே நிற்பவர்களில் ஒருவர் ஏறத் தெரிந்தவர், காலையில் என்னோடு சேர்ந்து அவரும் ஹார்னஸை மாட்டிக்கொள்வார், அவருக்கான கயிறும் மரத்தில் தொங்கும். "பையிலதான் இருக்கு, வேணும்னா போட்டுக்கலாம்" என்று அவர் சொல்கிற நாளில் நான் ஏறுவதில்லை.