மைண்ட்ஃபுல்னஸ்: நினைவோடிருத்தல்

மைண்ட்ஃபுல்னஸ் என்ற தியானப் பயிற்சிக்குத் தமிழில் புழங்கும் நிகர்ச்சொற்களில் மிக மோசமானது 'மனநிறைவு'. ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி ஒட்டியதால் வந்த வினை. மனநிறைவு என்றால் நமக்குத் திருப்தி. மகளுக்குக் கல்யாணம் முடித்த அப்பாவிடம் இருப்பது அது. 'விழிப்புணர்வு' பரவாயில்லை, ஆனால் டெங்கு விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு என்று அந்தச் சொல் எப்போதோ பேரணிக்குப் போய்விட்டது. 'நினைவாற்றல்' வல்லாரை லேகியம் விற்பவர்களுக்குச் சொந்தம். இவை போக, பலரும் எழுதுவது 'மனதை ஒருமுகப்படுத்தும் தியானம்'. பார்வைக்குக் குற்றமில்லாத சொல். ஆனால் அலைபாயும் மனமுள்ளவர்களுக்கு, குறிப்பாக ஏடிஎச்டி என்ற கவனக்குறைவு-மிகையியக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு, அதிகக் கெடுதல் செய்வது இதுதான்.

மூலச்சொல், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியின் 'சதி'. வடமொழியில் ஸ்மிருதி. இரண்டுக்கும் வேர்ப்பொருள் நினைவுகூர்தல். (அதை அப்படியே தமிழில் எடுத்தாள வழியில்லை. 'தினமும் காலையில் பத்து நிமிடம் சதி செய்யுங்கள்' என்று யார் எழுதுவது?) இலங்கையில் பிரிட்டிஷ் அரசு அதிகாரியாக வேலை பார்த்தபோது பாலி கற்ற ரீஸ் டேவிட்ஸ், 1881இல் வெளிவந்த பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பில் புத்தர் சொன்ன எண்வழிப் பாதையின் ஏழாம் உறுப்பான சதியை மைண்ட்ஃபுல்னஸ் என்று பெயர்த்தார். அன்றைய ஆங்கில வாசகருக்கு அது புதுச்சொல் அல்ல. பைபிளின் எட்டாம் சங்கீதத்தில், மனிதனை நீர் 'மைண்ட்ஃபுல்'லாக எண்ணுவதற்கு அவன் யார் என்று கடவுளிடம் கேட்கும் வரி அவர்களுக்கு மனப்பாடம். அதே இடத்தில் தமிழ் பைபிளைத் திறந்தால் 'மனுஷனை நீர் நினைக்கிறதற்கும்' என்றிருக்கிறது. தமிழில் அந்தச் சொல்லைப் பெயர்த்தவர்கள் நமக்கு முன்பே சரியாகப் பெயர்த்திருக்கிறார்கள்.

பிறகு பொருள் நகர்ந்தது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின், தீராத வலியோடு வருபவர்களுக்குச் சில வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். இந்தக் கணத்தில், தெரிந்தே, நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதாமல் கவனிப்பது என்ற விளக்கம் அவர் வழியாகவே உலகம் முழுக்கப் போனது. நல்ல விளக்கம்தான். ஆனால் 'நினைவுகூர்தல்' அதில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. மிஞ்சியது கவனம். கவனம்தான் நிலைக்காது என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் கவனி என்றால் அவர் என்ன செய்வார்?

ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய பௌத்த நூலான விசுத்திமக்கம் சதியின் வேலை என்னவென்று நேராகச் சொல்கிறது: மறவாமை. வாசற்காவலனைப் போன்றது என்றும் சொல்கிறது. ஒருமுகப்பட்ட நிலைக்குப் பெயர் வேறு: சமாதி. எண்வழிப் பாதையில் அது எட்டாவது, தனி உறுப்பு. ஏழாவதைக் கற்றுக்கொள்ள வந்தவர் கையில் எட்டாவதைத் திணிப்பதுதான் 'ஒருமுகப்படுத்தல்' என்ற மொழிபெயர்ப்பு செய்யும் காரியம்.

ஏடிஎச்டி உள்ளவரிடம் கவனம் இல்லாமல் இல்லை. பிடித்த வேலையில் சாப்பாட்டை மறந்து மணிக்கணக்கில் உட்காருவார். அந்தக் கவனத்தை வேண்டிய பக்கம் திருப்புவதும், எதற்காகத் தொடங்கினோம் என்பதை மனதில் பிடித்து வைப்பதும்தான் சிக்கல். சமையலறைக்கு வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நிற்பது எல்லோருக்கும் எப்போதாவது நடக்கும். அவருக்கு அது அன்றாடம். மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் மூன்றாவது மூச்சில் கரண்ட் பில் வரும், பில்லிலிருந்து பழைய வீட்டு ஓனர், அங்கிருந்து எங்கோ. ஒருமுகம் என்ற அளவுகோலால் அளந்தால் இது தோல்வி. 'எனக்குத் தியானம் வராது' என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். சதி என்ற அளவுகோல் வேறு. 'அட, மூச்சைப் பார்க்கத்தானே உட்கார்ந்தேன்' என்று நினைவு வருகிறதே, சதி அதுதான். இருபது முறை தொலைந்து இருபது முறை நினைவு வந்தால் இருபது முறை பயிற்சி நடந்திருக்கிறது. தொலைந்ததற்காகத் தன்னைத் திட்டிக்கொள்ளத் தொடங்கினால் அது இன்னொரு தொலைதல். அதையும் கண்டுகொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அசையாமல் உட்கார வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. சதியைப் பழகும் முறை சொல்லும் பௌத்த நூலான சதிபட்டான சூத்திரம், நடப்பது, நிற்பது, படுப்பது, உண்பது தொடங்கி மலஜலம் கழிப்பது வரை பட்டியலிடுகிறது. லிடியா ஜைலோவ்ஸ்காவும் உடனிருந்தவர்களும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஏடிஎச்டி உள்ள பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியைத் தகவமைத்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கபாட்-ஜின்னின் பயிற்சியில் வீட்டில் ஒரு நாளைக்கு 45 நிமிடம் வரை செய்யச் சொல்வார்கள். இங்கே ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள், உட்கார முடியாதவர்கள் நடந்தபடி செய்யலாம். பலருக்குப் பலன் தெரிந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. இதை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது அறிவீனம்.

சரி, தமிழில் என்னவென்று சொல்வது? திருக்குறளின் 54ஆம் அதிகாரத்துக்குப் பெயர் பொச்சாவாமை, மறவாமை என்று பொருள். 'அரியஎன்று ஆகாத இல்லைபொச் சாவாக் கருவியால் போற்றிச் செயின்' என்ற குறளில் மறவாமையைக் கருவி என்றே சொல்கிறார் வள்ளுவர். அவர் மன்னனின் அசட்டையை மனதில் வைத்துப் பேசுகிறார் என்றாலும் சதிக்குப் பக்கத்தில் வரும் பொருள்தான். ஆனால் இன்று அச்சொல்லைக் கேட்டால் உரை தேட வேண்டும். 'ஓர்மை' என்று சிலர் எழுதுகிறார்கள். ஓர்தல் என்றால் எண்ணிப் பார்த்தல். மலையாளத்தில் ஓர்ம என்றால் நினைவு. எனக்குப் பிடித்த சொல், ஒருமை என்று படித்துவிடும் ஆபத்து மட்டும் உண்டு.

என் தேர்வு 'நினைவோடிருத்தல்'. நினைவு என்ற தமிழ்ச்சொல் ஞாபகத்தையும் குறிக்கும், உணர்வையும் குறிக்கும். பழைய நினைவுகள் என்கிறோம்; மயங்கி விழுந்தவருக்கு நினைவு திரும்பியது என்றும் சொல்கிறோம். சதிக்கும் இதே இரட்டைப் பொருள்தான். 'நெனப்பு எங்க இருக்கு?' என்று கடைசி பெஞ்சுப் பையனை வாத்தியார் கேட்பதும் இந்த நினைவைத்தான், கேட்கும் தொனி மட்டும் தவறு. வினையாகவும் எளிதில் வளையும்: நினைவோடு நட, நினைவோடு சாப்பிடு. பயிற்சியின் பெயராகத் தலைப்பில் போட வேண்டுமானால் நினைவோடிருத்தல். கட்டுரைக்குள் குறுஞ்சொல் தேவைப்படும் இடத்தில், ஒருமுறை விளக்கிவிட்டு, ஓர்மை.