தொடாத தந்தி எப்படிப் பாடுகிறது?

வீட்டுக் கீபோர்டில் வறண்டு கிடக்கிற ஒரு இசை, நிஜப் பியானோவில் மட்டும் எப்படி இவ்வளவு நிறைந்து ஒலிக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் வாசித்துப் பார்த்தது பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் ‘பூர் ல பியானோ’ தொகுப்பில் நடுவில் வரும் சரபாந்த்.

டெபுஸி என்றதும் எல்லாரும் அவருடைய புகழ்பெற்ற ‘க்ளேர் த லூன்’ பக்கம் போய்விடுகிறார்கள். இந்தத் தொகுப்பை அவ்வளவாக யாரும் தேடிக் கேட்பதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். பிரெலூட், சரபாந்த், டொக்காட்டா என்று மூன்றும் பரோக் காலத்து (சுமார் 1600 முதல் 1750 வரை) வடிவங்கள். சரபாந்த் மட்டும் நடனம். ஸ்பெயினில் 1583-இல் தடை செய்யப்பட்ட ஆட்டம், பிரெஞ்சு அரசவைக்கு வந்து சேர்வதற்குள் மெதுவாகி, கம்பீரமாகிவிட்டது. தாளம் மூன்று தட்டு. இரண்டாவது தட்டில் கொஞ்சம் சாய்ந்து நிற்கும்.

அந்தக் காலத்தில் சரபாந்தைப் பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டில் வாசித்தார்கள். அதில் தந்தியை மீட்டுவது இறகுத்துண்டு. கட்டையிலிருந்து விரலை எடுத்தால் ஒலி அடங்கிவிடும். பியானோவில் வலது பெடலை மிதித்தால், தந்திகளை அமுக்கிக்கொண்டிருக்கும் கம்பளி டாம்பர்கள் மொத்தமாக எழுந்துவிடும். உள்ளே 200-க்கும் மேற்பட்ட தந்திகள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பியானோ கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். மிடில் சி, அதாவது நடுவில் இருக்கும் ‘சி’ சுரத்தின் கட்டையைச் சத்தம் வராமல் மெல்ல அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். டாம்பர் எழும், சுத்தியல் அடிக்காது. இப்போது ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே இருக்கும் சி கட்டையை ஓங்கித் தட்டி உடனே விடுங்கள். தட்டிய தந்தி அடங்கிவிடும். யாரும் அடிக்காத மிடில் சி சன்னமாகப் பாடிக்கொண்டிருக்கும்! முதல்முறை கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இது பள்ளியில் படித்த ஒத்ததிர்வுதான்: தன் சொந்த அதிர்வெண்ணில் அதிர்வு வந்து சேர்ந்தால் தந்தி தானாகவே அதிரும். கீழ்த் தந்தி 130.8 ஹெர்ட்ஸில் மட்டும் அதிர்வதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கிலும் சேர்ந்தே அதிர்கிறது. அந்த அதிர்வு ஒலிப்பலகை வழியாக மற்றத் தந்திகளுக்கும் போகிறது. இரண்டு மடங்கான 261.6 மிடில் சி-யின் சொந்த அதிர்வெண். அதனால் அது பதில் சொல்கிறது. மிடில் சி-க்கு மேலே உள்ள ஜி-யைப் பிடித்துக்கொண்டு தட்டினாலும் பாடும், 392.4-உம் 392.0-உம் அவ்வளவு நெருக்கம். அதற்கும் மேலே, அடுத்த ஆக்டேவில் இருக்கும் இ-யைப் பிடித்தால்? ஐந்து மடங்கு 654. ஆனால் அந்தத் தந்தி 659.3-க்கு முறுக்கப்பட்டிருக்கிறது. மிக மங்கலாகத்தான் முனகும். ஆக்டேவைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியதற்குக் கொடுத்த விலை அது. அந்தச் சமரசத்தை நம் காதாலேயே அளக்க முடிகிறது என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம்.

‘ஏ’ சுரத்தை 432 ஹெர்ட்ஸில் வைத்துச் சுருதி சேர்த்தால் நோய் தீரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியை நம்பாதீர்கள். அந்தச் சுரத்துக்கு 435 என்று பிரான்ஸ் 1859-இல் விதித்தது. இன்று பொதுவாக 440. எல்லாம் மனிதர்கள் பேசி முடிவுசெய்தது. தந்திகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது விகிதத்தைப் பார்த்துத்தான்.

சரி, சரபாந்துக்கு வருவோம். தொடாத தந்திகளில் அதிர்வு ஏறக் கொஞ்சம் நேரம் வேண்டும். மெதுவான இந்த நடனம் அந்த நேரத்தைத் தருகிறது. 1902 ஜனவரி 11 அன்று பாரிஸின் எரார் அரங்கில் பியானோ கலைஞர் ரிக்கார்டோ வின்யேஸ் இதை வாசித்தார். பியானோ செய்கிற நிறுவனத்தின் அரங்கு அது.

சாதாரணக் கீபோர்டில் பதில் சொல்லத் தந்தியே இல்லை. பதிவுசெய்த ஒலிகளைக் கூட்டித் தருகிறது, அவ்வளவுதான். நல்ல டிஜிட்டல் பியானோக்கள் சில இந்த ஒத்ததிர்வைக் கணக்கிட்டுச் சேர்க்கின்றன. வாங்கப் போனால் கடையிலேயே அந்த மிடில் சி சோதனையைச் செய்து பாருங்கள்.