கடலோர மாளிகையைக் காக்கும் நாலரை சென்டிமீட்டர்

நீலாங்கரையிலிருந்து கோவளம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள், கடல் பக்கம் எழும்பும் பங்களாக்களைப் பார்த்திருப்பார்கள். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, தூண் இல்லாமல் கடலை நோக்கி நீளும் பால்கனி, காகிதம் போல மெலிந்த விளிம்பு. எனக்கு இந்த வீடுகள் பிடிக்கும். ஆனால் கண் முதலில் போவது பால்கனியின் அடிப்பக்கத்துக்குத்தான். அங்கே பழுப்பு நிறத்தில் நேர்கோடாக ஒரு கறை தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சில ஆண்டுகளில் பூச்சு உதிரும், அப்புறம் கான்கிரீட்டே துண்டு துண்டாக விழும்.

கடலோர வீட்டுக்கு எதிரி அலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அலை எப்போதோ ஒருமுறை வருகிறது. உப்பு ஒவ்வொரு நிமிடமும் வருகிறது.

அலை உடையும்போது வெள்ளை நுரை கிளம்புகிறது அல்லவா, அதில் கோடிக்கணக்கான காற்றுக் குமிழிகள். ஒவ்வொன்றும் வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளை மேலே வீசுகிறது. துளியின் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் காற்றோடு கரைக்கு வருகிறது. கனமான துகள்கள் முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே படிந்துவிடும். மாளிகைகள் நிற்பது சரியாக அந்த இடத்தில்.

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு நீர்விட்டுக் கிடக்கும். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதம் போதும். அதாவது மழையே பெய்யாத நாளிலும், கடலோரச் சுவரின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. திறந்த மேல்தளத்தில் படியும் உப்பை மழை கழுவிவிடும். பால்கனியின் அடியிலும் சன்ஷேடின் அடியிலும் மழை படாததால், அங்கே உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. நான் அடிப்பக்கத்தைப் பார்ப்பது இதனால்தான்.

நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காது. சிமெண்ட் இறுகும்போது உருவாகும் சுண்ணாம்பு, கான்கிரீட்டின் துளைகளில் இருக்கும் ஈரத்தைக் கடுமையான காரமாக்குகிறது, அதன் பி.ஹெச். மதிப்பு 12.5-க்கும் மேல். அந்தக் காரத்தில் எஃகின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிக் கம்பியைக் காக்கிறது. உப்பிலிருந்து பிரிந்து வரும் குளோரைடு அயனிகள் (மின்னேற்றம் கொண்ட நுண்துகள்கள்) அந்தப் படலத்தைத்தான் ஓட்டை போடுகின்றன. இதில் கொடுமை, குளோரைடு இந்த வேலையில் செலவாவதே இல்லை. இரும்பைக் கரைத்துவிட்டு விடுபட்டு, அடுத்த இரும்பணுவுக்குப் போகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து வரும் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் கான்கிரீட் பிளக்கிறது.

ஆக, வெளிப்பரப்பில் படிந்த உப்பு கம்பியைத் தொட எத்தனை ஆண்டு ஆகும் என்பதே வீட்டின் ஆயுள். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையில் இருக்கும் கான்கிரீட்டைக் கட்டுமானக்காரர்கள் 'கவர்' என்பார்கள். அயனிகள் ஊடுருவும் காலம், தோராயமாக, தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 25 மில்லிமீட்டர் கவரை 50 ஆக்கினால் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் கிடைக்கிறது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000-ஆம் ஆண்டுப் பதிப்பு) கடலோரச் சூழலில் திறந்திருக்கும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 45 மில்லிமீட்டர் கவரும் எம்30 தரமும் (கான்கிரீட்டின் வலிமைக் குறியீடு, எண் கூடினால் வலிமை கூடும்) கேட்கிறது. கடல்நீர்ச் சாரல் நேராகப் படும் இடமென்றால் 50 மில்லிமீட்டர், எம்35.

இந்த இடத்தில்தான் அழகுக்கும் ஆயுளுக்கும் சண்டை வருகிறது. கட்டடக் கலைஞருக்கு 100 மில்லிமீட்டரில் மெல்லிய பால்கனி வேண்டும். மேலே 45, கீழே 45 விட்டால் நடுவில் மிஞ்சுவது 10 மில்லிமீட்டர். இரண்டு அடுக்குக் கம்பி எங்கே போகும்? போதாததற்கு, ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்கும் பால்கனியில் இழுவிசை மேற்பரப்பில் இருப்பதால் முக்கியக் கம்பி மேலேதான் ஓட வேண்டும். கான்கிரீட் போடும் அன்று ஆட்கள் அதன் மேல் நடந்து அதை அமுக்கிவிட்டால் பலம் போய்விடும். அமுங்காமல் இருக்கட்டும் என்று அளவுக்கு மேல் தூக்கிக் கட்டினால் கவர் குறைந்து உப்புக்கு வழி கிடைக்கிறது. நாற்காலி போல வளைத்த கம்பிகளைச் சரியான உயரத்தில் நெருக்கமாக வைப்பதுதான் தீர்வு. பால்கனியின் கான்கிரீட் தளத்தைச் சுவரோரம் தடிமனாக வைத்து, நுனியை நோக்கி மெலியவிட்டால் கீழிருந்து பார்ப்பவருக்கு மெலிந்த விளிம்புதான் தெரியும். நுனியிலும் கவர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கம்பிக்கு அடியில், கவரின் அளவு குறையாமல் தாங்கும் சிறு கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகும் பழக்கம் இன்னும் போகவில்லை. கோடிகள் போட்டுக் கட்டும் வீட்டில் சில ரூபாய் பொருளை மிச்சம் பிடிப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்காது.

சிமெண்டிலும் விஷயம் இருக்கிறது. இரும்பு ஆலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டில் துளைகள் நுண்மையாக இருக்கும். குளோரைடில் ஒரு பகுதியை அது பிடித்தும் வைத்துக்கொள்ளும். ஆனால் மெதுவாக இறுகுவதால், 10 நாளுக்குக் குறையாமல், முடிந்தால் 14 நாள், ஈரச்சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பது அடுத்த கேள்வி. கடலோர மணலுக்கு அடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீருடையது சுமார் 1.025 என்பதால், கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீருக்கும் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் அறியப்படும் கணக்கு இது. இதைத் திருப்பிப் படித்தால் பயமாக இருக்கும்: நீச்சல்குளத்துக்கும் புல்தரைக்கும் இறைத்து மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் உப்புநீர் 40 மீட்டர் ஏறி வரும். கான்கிரீட் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரைதான் விதி அனுமதிக்கிறது. கடல்நீரில் இருப்பது ஏறக்குறைய 19,000. முப்பத்தைந்து குடம் நல்ல நீரில் ஒரு குடம் கடல்நீர் கலந்தாலே எல்லை தாண்டிவிடும். மனையிலேயே போர் போட்டு அந்த நீரில் கான்கிரீட் கலந்தால், உப்பு 45 மில்லிமீட்டரைக் கடக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் நாளே கம்பி பக்கத்தில் இருக்கிறது.

கண்ணாடிக்கு வருவோம். சென்னையில் கட்டடத்தை வடிவமைக்கும்போது கணக்கில் எடுக்க வேண்டிய காற்றின் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம் அது. மூன்றுக்கு மூன்று மீட்டர் கண்ணாடி என்றால் ஒரு காரின் எடை. அதனால்தான் இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி தேவை. விரிசல் விட்டாலும் சட்டத்தை விட்டுப் போகாது. ஒரு கண்ணாடி போனால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும்.

வெயில் இன்னொரு சிக்கல். இங்கே கடல் கிழக்கில். காலைச் சூரியன் படுத்தவாக்கில் கண்ணாடிக்குள் வருவதால், எவ்வளவு அகலமான சன்ஷேடும் அதைத் தடுக்காது. சிட்னி ஆபரா ஹவுஸை வடிவமைத்த யோன் உட்சோன், 1970-களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் மயோர்கா தீவில் ஒரு செங்குத்துக் கரை மேல் தன் குடும்பத்துக்காகக் 'கான் லிஸ்' என்ற வீட்டைக் கட்டினார். மணல்நிறக் கல்லில் ஆழமான குகை போன்ற ஜன்னல்கள். கண்ணாடிச் சட்டத்தை வெளிப்புறச் சுவரில் பொருத்தியதால் உள்ளிருந்து பார்த்தால் சட்டமே தெரியாது, கடல் மட்டும் தெரியும். கடலோர வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் அவரும் பிறகு தீவின் உட்பகுதியில் வேறு வீடு கட்டிப் போனார். கடலொளியின் கூச்சம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதும் அதற்கு ஒரு காரணம்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் 1,300 ஆண்டுகளாக அதே உப்புக்காற்றில் நிற்கிறது. கருங்கல்லின் சிற்பங்கள் அரித்து மழுங்கியிருக்கின்றன, உண்மை. ஆனால் உள்ளிருந்து வெடிக்க அதில் கம்பி இல்லை.

கம்பி வைத்துக் கட்டியவர்களுக்குக் கழுவுவது ஒரு வேலை. கைப்பிடிக்கு மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த, துருவை நன்றாகத் தாங்கும் 316 ரக எவர்சில்வரையே போட்டாலும், மழை படாத இடங்களையும் பால்கனியின் அடியையும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அதற்கும் அந்தப் போர் தண்ணீரை எடுக்கக் கூடாது.