ராகிங் – பகடிவதை

காரைக்குடிப் பக்கம் பிள்ளையை விடுதியில் சேர்க்கும் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "அங்க ராகிங் எல்லாம் உண்டா?" அப்பத்தாவுக்குக்கூடத் தெரிந்த ஆங்கிலச் சொல் இது.

'ராக்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குச் சீண்டுதல், கேலி செய்தல், திட்டுதல் என்று பொருள். அதன் வேர் எது என்று அகராதிக்காரர்களே உறுதியாகச் சொல்வதில்லை. பிரிட்டனில் மாணவர்களின் கொட்டத்துக்கு இந்தப் பெயர் உண்டு. வேடம் போட்டு ஊர்வலம் போய் நற்பணிக்குப் பணம் திரட்டும் 'ராக் வாரம்' அங்கே இன்றும் நடக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அதே சொல், புதிதாக வந்த மாணவரை மூத்தவர்கள் துன்புறுத்துவதற்குப் பெயராகிவிட்டது. அமெரிக்காவில் இதை 'ஹேசிங்' என்பார்கள்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் சட்டத்துக்குள் வந்த கதையில் செட்டிநாட்டுக்கும் தொடர்பு உண்டு. சிதம்பரத்தில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா அண்ணாமலைச் செட்டியார் நம் கானாடுகாத்தான்காரர். அங்குள்ள மருத்துவக் கல்லூரிக்கு அவர் மகன் ராஜா முத்தையாவின் பெயர். அந்தக் கல்லூரியில் முதலாண்டு படித்த பொன் நாவரசு, 1996 நவம்பரில் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். கொன்றவருக்கு ஆயுள் தண்டனை என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இல்தான் உறுதி செய்தது. நம்மூர்க்காரர் கட்டிய பல்கலைக்கழகம் என்று பெருமையோடு பேசும்போது, அந்தப் பையனின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தக் கொலைக்குப் பின் வந்ததுதான் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். இது ராகிங்குக்குத் தரும் பொருள் மிக அகலமானது. உடலுக்கோ மனத்துக்கோ தீங்கு வருவது மட்டுமல்ல. பயம், வெட்கம், கூச்சம் உண்டாக்குவதும் ராகிங்தான். கிண்டல் செய்வதும் அதில் அடக்கம். ஒரு மாணவர் தானாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் அடக்கம். ஆகவே "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்ற சமாதானம் இந்தச் சட்டத்தின் முன் நிற்காது. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவரைக் கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும், வேறெங்கும் சேர்க்கவும் கூடாது.

இந்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது 7-ஆம் பிரிவு. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காமல் விட்டால், கல்லூரித் தலைவரே குற்றத்துக்கு உடந்தை என்று கருதப்படுவார். கல்லூரியின் பெயர் கெட்டுவிடும் என்று விஷயத்தை உள்ளேயே அமுக்கும் வழக்கத்தை நேராகக் குறிவைக்கும் பிரிவு இது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகளோ, 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே 1990-இல் வந்த கிளெரி சட்டப்படி, வளாகக் குற்றங்களின் கணக்கைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 2024 டிசம்பரில் வந்த திருத்தம் ஹேசிங்கையும் அந்தக் கணக்கில் சேர்த்தது. நம் கல்லூரிகளும் அப்படி வெளியிட்டால், எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்!

சரி, தமிழில் என்ன சொல்வது? கேலி, கிண்டல், சீண்டல் எதுவும் போதாது. அடிபட்ட பிள்ளையின் வலி அவற்றில் இல்லை. 'கொடுமை' என்றால் எந்தக் கொடுமை என்று கேட்க வேண்டியிருக்கும். ஈழத்தில் வேடிக்கைப் பேச்சுக்குப் 'பகிடி' என்பது அன்றாடச் சொல். அதிலிருந்து அவர்கள் அமைத்தது 'பகிடிவதை'. நம் பக்கம் அது 'பகடிவதை' என்று எழுதப்படுகிறது. பகடி என்றால் பரிகாசம். வதைத்தல் என்றால் வாட்டுதல், துன்புறுத்துதல், கொல்லுதல். பகடி என்ற பெயரில் நடக்கும் வதை என்று விரித்தால் பொருள் முழுதாக வந்துவிடுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவது நல்லது. குழுவின் பெயர்ப் பலகையில் 'பகடிவதைத் தடுப்புக் குழு' என்று ஒற்று போட வேண்டும்.

புகார் எழுதும்போது 'பகடிவதை' என்று ஒருமுறை குறிப்பிட்டுவிட்டு, யார், எந்த நாள், எந்த அறையில், என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நடந்ததை அப்படியே எழுதுங்கள். தேசிய உதவி எண் 1800-180-5522. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். பிள்ளை கோவையில் படித்தாலும் காரைக்குடியில் இருக்கும் தகப்பனார் இங்கேயே புகார் எழுதிக் கொடுக்க முடியும். அதைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது போலீசாரின் பொறுப்பு.