இடது காதில் இரைச்சல்

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்" என்று சொன்னவரின் முழங்கையிலோ இடுப்பிலோ ஒரு சிராய்ப்புகூட இல்லை. இடது காதில் மட்டும் இரைச்சல், கேட்பது மந்தம். கேள்விகளுக்கெல்லாம் உடன் வந்த மாமியாரே முந்திக்கொண்டு பதில் சொன்னார். காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப் கருவியில் பார்த்தால், செவிப்பறையில் ஓரம் ஒழுங்கற்ற, இரத்தம் உறைந்த ஒரு கிழிசல். வழுக்கி விழுபவருக்கு இப்படிக் கிழிவது அரிது. விரித்த உள்ளங்கை காதை மூடி அறையும்போது, செவிக்குழாயில் அடைபட்ட காற்று அழுத்திக் கிழிக்கும் கிழிசல் இது. வலக்கைப் பழக்கமுள்ளவர் எதிரே நின்று அறைந்தால் அடி விழுவது இடது காதில்தான்.

இசைக்கவையை வைத்துச் சோதிக்க அமைதி வேண்டும் என்று சொல்லி, மாமியாரை வெளியே உட்கார வைத்தேன். அது முழுப் பொய்யும் அல்ல. "விழுந்ததால வந்த காயம் மாதிரி தெரியலைம்மா. வீட்டுல யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டதற்கு, சற்று நேரம் கழித்து வந்தது பதில் அல்ல, கேள்வி: "ஏ.ஆர். போட்டுடுவீங்களா?"

ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் எழுதினால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், போனால் இரவு வீட்டில் என்ன நடக்கும் என்ற கணக்கு அந்த ஒரு வரியில் இருந்தது. பல பெண்கள் எங்களிடம் "விழுந்துட்டேன்" என்று சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம். அதைப் பொய் என்று குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அவர் பையிலிருந்த பழைய ஓ.பி. சீட்டுகளைப் புரட்டினேன். இரண்டு ஆண்டுகளாகத் தலைவலி, உடம்பு வலி, தூக்கமின்மை, வெள்ளைப்படுதல். ஒவ்வொன்றுக்கும் பாராசிட்டமாலும் சத்து மாத்திரையும். அவற்றில் ஒரு சீட்டு என் கையெழுத்தில் இருந்தது.

அடுத்த அடி எப்போது விழும் என்று காத்திருக்கும் உடலில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன்கள் தணியாமல் இருப்பதால் தசைகள் இறுகுகின்றன, தூக்கம் கலைகிறது, வயிறு கெடுகிறது, வலியை உணரும் நரம்புகளே கூர்மையாகிவிடுகின்றன. வெள்ளைப்படுதல் என்று வரும் பெண்களில் பலருக்குத் தொற்றைவிட மன அழுத்தமே வலுவாகத் தொடர்புடையது என்பதைக் கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய ஆய்வு காட்டியது. துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அறிக்கை. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். என் ஓ.பி. வரிசையை இந்த எண்ணோடு ஒப்பிட்டால், நான் கேட்காமல் அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பது புரிகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "கழுத்தைப் பிடிச்சார், ஆனா ஒண்ணும் ஆகலை" என்று ஒரு பெண் சொன்னால் அதை லேசாக விடக் கூடாது. கழுத்தில் தடமே தெரியாமல் உள்ளே தமனியின் சுவர் கிழிந்து, சில நாள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, கண் வெண்மையில் சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்தில் நினைவு தப்பியது, சிறுநீர் பிரிந்தது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். கர்ப்பிணியின் வயிற்றில் அடி விழுந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் அப்படித்தான், நஞ்சுக்கொடி பிரிந்திருக்கலாம்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, புகார் பதிவாகவில்லை என்பதற்காக எந்த மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்க முடியாது. பரிசோதனை அறிக்கையின் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். இதைச் சொன்னதும் அவர், "நகல் வேண்டாம் டாக்டர், அவர் பையைப் பார்ப்பார்" என்றார். பெண்களுக்கான உதவி எண் 181ஐயும் சீட்டில் எழுதவில்லை, இரண்டு முறை சொல்ல வைத்தேன்.

காதில் தண்ணீர் படக் கூடாது, வீட்டில் யார் சொன்னாலும் எண்ணெய் காய்ச்சி ஊற்றக் கூடாது என்றேன். இத்தகைய கிழிசல் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனாலும் சீட்டில், மாமியார் படிக்கும்படி பெரிதாக எழுதினேன்: மூன்று வாரம் கழித்துக் காது மறுபரிசோதனை, கட்டாயம் வரவும்.