வானளாவி: பாய்மரத்தின் உச்சியில் பிறந்த சொல்

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது பஃபலோ. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 2,78,000. அமெரிக்க அளவுக்கு நடுத்தரமான ஊர். அங்குள்ள உயரமான கட்டடங்களை வரிசைப்படுத்தினால் முதலில் வருவது செனிகா ஒன் டவர். 1972-இல் முடிந்தது, 40 தளம், 529 அடி. அடுத்தது 1931-இல் முடிந்த மாநகராட்சிக் கட்டடம், 32 தளம், 398 அடி. 1896-இல் கட்டி முடித்த கேரண்டி கட்டடம் அந்த வரிசையில் எங்கோ கீழே இருக்கும். அதற்கு 13 தளம்தான், 152 அடிதான். ஆனாலும் உலகின் தொடக்ககால ஸ்கைஸ்கிரேப்பர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் கேரண்டி கட்டடத்தைச் சொல்லாமல் விடுவதில்லை.

152 அடிக் கட்டடத்துக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தியது? அந்தப் பெயருக்கு என்னதான் பொருள்? தமிழில் நாம் அதை எப்படிச் சொல்வது?

ஸ்கைஸ்கிரேப்பர் என்பதைப் பிரித்துப் பார்த்தால் வானத்தைச் சுரண்டுவது, உரசுவது என்று வரும். ஆனால் சொல் பிறந்தபோது கட்டடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அது கப்பல்காரர்களின் சொல். பழைய பாய்மரக் கப்பல்களில், எல்லாப் பாய்களுக்கும் மேலே, பாய்மரத்தின் உச்சியில் ஒரு சின்ன முக்கோணப் பாய் கட்டுவார்கள். காற்று மெலிந்த நாளில், கீழே எட்டாத காற்றையும் மேலே பிடித்துக்கொள்வதற்காக. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பாயைத்தான் ஸ்கைஸ்கிரேப்பர் என்றார்கள். இங்கிலாந்தில் 1789 டெர்பி பந்தயத்தில் வென்ற குதிரைக்கும் அதுவே பெயர். அப்புறம் நெட்டையான குதிரை, உயரத் தொப்பி, ஒட்டகச்சிவிங்கி மாதிரி வளர்ந்த ஆள், பேஸ்பால் ஆட்டத்தில் செங்குத்தாக எழும்பிய பந்து என்று கண்டதற்கெல்லாம் சொல் போய் ஒட்டிக்கொண்டது. 1880-களில்தான் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் எழும்பிய புதுக் கட்டடங்களின் மேல் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் மற்ற பொருள்கள் எல்லாம் உதிர்ந்துபோயின.

எனக்கு இதில் பிடித்தது, சொல் தற்செயலாகத் தாவியிருந்தாலும் உவமை சரியாகப் பொருந்தியிருப்பதுதான். அதுவரை உயரமான கட்டடம் என்றால் சுவர்தான் பாரம் தாங்க வேண்டும். மேலே போகப்போக அடியில் சுவர் தடித்துக்கொண்டே போகும். சிகாகோவில் 1891-இல் எழுந்த மொனாட்நாக் கட்டடத்தின் வடபாதிக்கு 16 தளம். அதைத் தாங்கத் தரைமட்டத்தில் செங்கல் சுவர் ஆறு அடி கனம். அதே நகரத்தில் 1885-இல் முடிந்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் வேறு வழி காட்டியது. 10 தளம், 138 அடி. வில்லியம் லெ பாரன் ஜென்னி என்ற பொறியாளர் உலோகத்தால் எலும்புக்கூடு அமைத்து, பாரத்தின் பெரும்பகுதியை அதன் மேல் ஏற்றினார். அந்த முறை முதிர்ந்தபோது சுவருக்குப் பாரம் தாங்கும் வேலையே இல்லாமல் போனது. சட்டகத்தில் தொங்கினால் போதும். அப்படித் தொங்கும் சுவரை இன்று பொறியாளர்கள் தமிழில் திரைச்சுவர் என்கிறார்கள். எஃகு பாய்மரம் என்றால் சுவர் அதில் கட்டிய பாய். கப்பலில் இருந்து வந்த பெயருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

கேரண்டி கட்டடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். டாங்க்மார் அட்லர், லூயி சல்லிவன் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தது. உள்ளே எஃகுச் சட்டகம். வெளியே செம்பழுப்பு நிறச் சுடுமண் ஓடு. டெரகோட்டா என்று எழுதுகிறோமே, அதற்குச் சுடுமண் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தச் சுவரில் விரல் வைக்க வெற்றிடம் இல்லை. இலை, கொடி, விதை, கட்டம் என்று அச்சில் வார்த்துச் சுட்ட பூவேலை, ஒரு சன்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய தூணில்கூட மேலே மேலே ஏறிப் போகிறது. உச்சியில் வட்டச் சன்னல்களைச் சுற்றிச் சுருண்டு, கூரை விளிம்பில் வெளிப்புறமாக வளைந்து முடிகிறது. எட்ட நின்று பார்க்கும்போது அந்தத் தூண்கள்தான் கண்ணைப் பிடித்து மேலே இழுக்கும். அதே 1896-இல் சல்லிவன் உயரமான அலுவலகக் கட்டடங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வடிவம் பயனைப் பின்தொடரும் என்று உலகம் முழுக்க ஒப்பிக்கப்படும் கருத்து அதில்தான் வருகிறது. அங்குலத்துக்கு அங்குலம் பெருமிதத்தோடு எழும்பி நிற்க வேண்டும் என்றும் அதே கட்டுரையில் சொல்கிறார். இத்தனை அடி என்று அவர் கணக்குச் சொல்லவில்லை.

அதே ஆண்டு, அதே ஊரில், எலிக்காட் ஸ்கொயர் என்ற கட்டடமும் திறந்தார்கள். 10 தளம். அப்போது உலகிலேயே மிகப் பெரிய அலுவலகக் கட்டடம் அதுதான். ஒரு முழுத் தெருச் சதுரத்தையே அடைத்துக்கொண்டு அகலமாக நிற்கிறது. பெரியது வேறு, உயர்ந்தது வேறு என்பதை விளக்க இந்த இரண்டு கட்டடங்களே போதும்.

பஃபலோவைப் பற்றிப் பேசும்போது இன்னொரு சொல்லையும் தொடாமல் போக முடியாது. எலிவேட்டர். அமெரிக்காவில் லிப்டுக்கு அதுதான் பெயர். ஆனால் அந்த ஊரில் எலிவேட்டர் என்றால் தானியக் களஞ்சியக் கோபுரத்தையும் குறிக்கும். 1825-இல் ஈரி கால்வாய் திறந்ததும் மேற்கே விளைந்த கோதுமை ஏராளமாக ஏரி வழியாக பஃபலோ வந்து, அங்கே கால்வாய்ப் படகுக்கு மாறியது. கப்பலின் அடித்தளத்தில் குவியலாகக் கிடக்கும் கோதுமையைக் கூலியாட்கள் முதுகில் சுமந்து இறக்கினார்கள். 1842-இல் ஜோசஃப் டார்ட் என்ற வணிகர், ராபர்ட் டன்பார் என்ற பொறியாளரை வைத்து, நீராவியால் ஓடும் ஒரு வாரைக் கப்பலுக்குள் இறக்கினார். வார் நெடுகிலும் வாளிகள். கிணற்றில் இறைக்கிற மாதிரி ஒவ்வொரு வாளியும் கோதுமையை மொண்டு மேலே கொண்டுபோய்க் கொட்டியது. அந்தத் தூக்கு எந்திரத்துக்கும் எலிவேட்டர், அதைச் சுமந்து நின்ற உயரமான களஞ்சியத்துக்கும் எலிவேட்டர். ஆள் ஏறும் லிப்ட் பரவலானது அதற்குப் பிறகு. எலிஷா ஓட்டிஸ் 1850-களில் கயிறு அறுந்தாலும் விழாத லிப்டைச் செய்து காட்டிய பிறகுதான் ஜனங்கள் துணிந்து ஏறினார்கள். அது இல்லாவிட்டால் ஆறாவது தளத்துக்கு மேல் வாடகைக்கு யார் வருவார்கள்? தமிழில் மின்தூக்கி என்கிறோம். சிங்கப்பூரில் அது அன்றாடப் பேச்சிலேயே புழங்குகிறது. தூக்கி என்ற சொல், கோதுமை தூக்கிய அந்த முதல் வேலையையும் சேர்த்தே சொல்வதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

சரி, மூலச் சொல்லுக்குத் திரும்புவோம். மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் வானத்தைச் சுரண்டுவது என்று நேராகவே பெயர்த்துக்கொண்டார்கள். மலாயிலும் வானத்தைப் பிறாண்டுவதுதான். ஜெர்மானியர்கள் வானத்தை விட்டு மேகத்தைச் சுரண்டினார்கள். இந்தியில் ககனசும்பி, மலையாளத்தில் அம்பரசும்பி. இரண்டிலும் கட்டடம் வானத்தை முத்தமிடுகிறது. தெலுங்கில் ஆகாசஹர்ம்யம், வானத்து மாளிகை.

தமிழில் வானுயர் கட்டடம், விண்முட்டும் கட்டடம், வானளாவிய கட்டடம், வானளாவி என்று பல வழங்குகின்றன. அடுக்குமாடி என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. மூன்று தளம் இருந்தாலே அடுக்குமாடிதான். இலங்கைத் தமிழர் தொடர்மாடி என்பதும் குடியிருப்பைத்தான். வானுயர் என்பது பழுத்த பழைய சொல். ‘வானுயர் தோற்றம் எவன்செய்யும்’ என்று திருக்குறளிலேயே (272) இருக்கிறது. ஆனால் அது அடையாக மட்டுமே நிற்கும். கட்டடம் என்ற சொல்லைக் கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டும். விண்முட்டும் என்பதில் மோதல் தொனி அதிகம்.

என் வாக்கு வானளாவிக்கு. காரணம் அளாவு என்ற வினை. இன்று நாம் அதற்கு எட்டுதல், தொடுதல் என்று மட்டும் பொருள் கொள்கிறோம். அதற்குள் இன்னொன்றும் இருக்கிறது: கலத்தல், துழாவுதல். ‘அமிழ்தினும் ஆற்ற இனிதேதம் மக்கள் சிறுகை அளாவிய கூழ்’ என்ற குறளை (64) எல்லாரும் படித்திருப்போம். தட்டில் சோற்றைப் போட்டுக் குழந்தையின் முன்னால் வைத்துப் பாருங்கள். ஐந்து விரலையும் உள்ளே விட்டுப் பிசைந்து, அள்ளி, பாதியைத் தரையில் சிந்தி, மறுபடியும் கையை விடும். அதுதான் அளாவுதல். கூடிக் கலந்து பேசுவதை அளவளாவுதல் என்பதிலும் இந்தக் கலப்புதான் இருக்கிறது. அப்படியானால் வானளாவி என்பது வானத்துக்குள் கைவிட்டுத் துழாவுகிற கட்டடம். உச்சித் தளங்கள் மேகத்துக்குள் மறைந்து நிற்கும் மழைநாளில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் எவ்வளவு சரி என்று புரியும்.

இது புதுக் கற்பனையும் இல்லை. மதுரைக்காஞ்சி மதுரை வீடுகளைச் சொல்லும்போது ‘வகைபெற எழுந்து வானம் மூழ்கி, சில்காற்று இசைக்கும் பல்புழை நல்இல்’ என்கிறது. வானத்துக்குள் மூழ்கிய வீடுகள், பல சன்னல்கள், அவற்றின் வழியாக மெல்லிய காற்று ஒலிக்கிறது. மேலே எழுந்ததை மூழ்கியது என்று சொல்லத் தமிழில் ஒருவர் அன்றே துணிந்திருக்கிறார்.

வானளாவிய என்ற அடைமொழி மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. ‘சபாநாயகரின் வானளாவிய அதிகாரம்’ என்ற தொடரைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் குறைவு. அடைமொழி புகழுக்கும் அதிகாரத்துக்கும் போய்விட்டது. கட்டடத்துக்கென்று ஒரு பெயர்ச்சொல் தனியே வேண்டும். வானளாவி, வானளாவிகள், வானளாவியில் என்று வேற்றுமை உருபெல்லாம் தடையில்லாமல் ஏறுகிறதே, அதுவே பெரிய வசதி.

தளங்களை எண்ணுவதில்தான் தமிழில் குழப்பம் அதிகம். மாடி என்றால் நமக்குத் தரைக்கு மேலே உள்ளது. அமெரிக்காவில் தரைத்தளமே முதல் தளம். கேரண்டி கட்டடத்தை 13 மாடி என்று எழுதினால், தரைத்தளத்தைச் சேர்த்தா சேர்க்காமலா என்ற கேள்வி வந்துவிடும். தளம் என்று எழுதினால் பிழைக்கு இடமில்லை. முல்லைப்பாட்டு இதற்கு ‘எழுநிலை மாடம்’ என்கிறது. மாடம் கட்டடத்துக்கு, நிலை எண்ணிக்கைக்கு. கோயில்களில் அந்த வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. 1987-இல் முடிந்த திருவரங்கம் ராஜகோபுரத்தை 13 நிலை என்றுதான் சொல்கிறோம். அலுவலகக் கட்டடத்துக்கும் நிலை என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் வாசிப்பவர் தடுமாறக் கூடாது என்பதால் இங்கே தளத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

எத்தனை உயரம் இருந்தால் வானளாவி? பரவலாக 150 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். 100 மீட்டர் என்போரும் உண்டு. 300 மீட்டரைத் தாண்டியவற்றுக்கும் 600-ஐத் தாண்டியவற்றுக்கும் தனிப் பெயர்களே வந்துவிட்டன. 150 என்ற கோட்டைப் போட்டால் பஃபலோவில் தேறுவது 161 மீட்டர் உள்ள செனிகா ஒன் மட்டும்தான். நகரின் பிரதானத் தெருவே அதன் அடியில் நுழைந்துதான் போகிறது. ரயிலும் கட்டடத்தின் கால்களுக்கு நடுவே ஓடுகிறது. பெரிய வங்கியொன்று வெளியேறிய பிறகு ஏறக்குறைய முழுக் கட்டடமும் சில ஆண்டுகள் காலியாகக் கிடந்து, புதிய கைக்கு மாறி, மறுபடியும் ஆள் புழக்கம் கண்டிருக்கிறது. 46 மீட்டர் கேரண்டி எந்தக் கோட்டிலும் தேறாது. அதற்காக அதன் பெயரைப் பறிக்க நான் சம்மதிக்க மாட்டேன். அது எழுந்த நாளில் அந்தத் தெருவில் நின்றவர்கள் கழுத்தை எவ்வளவு பின்னால் சாய்த்துப் பார்த்தார்களோ, அதுதான் சொல்லின் அளவுகோல்.

மாநகராட்சிக் கட்டடத்தையும் அதே கணக்கில் வானளாவி என்றே எழுதுவேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கட்டியவர்கள் ஏரியிலிருந்து வரும் காற்றை மேற்குப் பக்கத்துத் துளைகளில் வாங்கி, நிலத்துக்கு அடியில் இறக்கிக் குளிரவைத்து, கட்டடத்துக்குள் மேலே ஏற்றினார்கள். மின்விசிறி இல்லாமல் கோடைக்கு அதுவே குளிர்ச்சி. பல்புழை நல்இல் என்ற சொல்லை அங்கே எழுதி ஒட்டலாம். 25-ஆம் தளம் வரை மின்தூக்கி போகும். மீதி மூன்று தளம் படியேற வேண்டும். 28-ஆம் தளத்தில் கதவைத் திறந்து வெளியே வந்தால் ஒரு பக்கம் தானியக் களஞ்சியங்கள், ஒரு பக்கம் ஈரி ஏரி. கோடையில் பாய்மரப் படகுகளும் தெரியும்.